சம்பந்தியம்மாவின் இடது ஈரல்

மாதனூர்
9 மார்ச் 2025

சம்பந்தியம்மா கண்ணம்மாள் அவர்களுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் உங்கள் மகள் தமிழினி அடுத்த பஸ் பிடித்து வந்து சொல்லுவாள். சொல்வதோடு நிற்கமாட்டாள், நடித்தும் காட்டுவாள். மாமியாரை நடித்துக் காட்டுவதில் என் மருமகளுக்கு இணை கிடையாது.

வேலூர் ஆஸ்பத்திரியில் நடையை எண்ணுகிற மீட்டர் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். தீப்பெட்டி அளவுதான். இடுப்பில் செருகிக்கொண்டு தினமும் நடக்க வேண்டும். நான் அதைக் கொலுசில் கட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, சீரியல் பார்த்தபடி காலாட்டினேன். விளம்பரம் வந்தால்கூட நிறுத்தவில்லை. உடற்பயிற்சி சொல்லித்தருகிற ஜோசுவா தம்பி மீட்டரைப் பார்த்து வாயைப் பிளந்தான். "இன்னாம்மா, சென்னைக்கே நடந்து போய்ட்டு வந்துட்டீங்களா?" என்றான். நானும் அடக்கமாகச் சிரித்தேன். பிறகு ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னான். இரண்டு தடவை எழுந்தேன். அடுத்த தடவை அவன் சட்டையைப் பிடித்துத்தான் எழுந்தேன். பட்டன் கையோடு வந்துவிட்டது. அவன் குனிந்து என் காலைப் பார்த்தான். மீட்டரைக் கொலுசில் கட்டிய சேலை நூலை அவசரத்தில் அவிழ்க்க மறந்துவிட்டிருந்தேன்.

ஷூ கம்பெனியில் இத்தனை வருஷம் தையல் லைன் சூப்பர்வைசராக இருந்தவள் நான். பக்கத்து மெஷின்காரி தைத்த கட்டைத் தன் கட்டோடு சேர்த்துக் கணக்குக் காட்டுகிற பெண்களைப் பார்வையிலேயே பிடித்துவிடுவேன். அந்த முகத்தை அன்றைக்கு எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உங்களுக்கு விவரம் முழுசாகத் தெரியாது. நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. என் கல்லீரலில் வலது பக்கம் ஒரு கட்டி. புற்றுநோய். வாயால் சொல்ல வரவில்லை, எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது. வலது பக்கத்தையே வெட்டி எடுக்க வேண்டுமாம். மிச்சமிருக்கிற இடது பக்கம் சின்னது. இந்த உடம்பைத் தனியாக இழுக்க அதற்குப் பலம் போதாது. அப்படியே வெட்டினால் நான் தேறமாட்டேன். அதனால் போன வாரம் வலது பக்கத்துக்குப் போகிற பெரிய ரத்தக் குழாயை ஊசி வழியாகவே அடைத்துவிட்டார்கள். எங்கள் கம்பெனி பாஷையில் சொன்னால், மூடப்போகிற லைனுக்குத் தோல் அனுப்புவதை நிறுத்தி எல்லாவற்றையும் பக்கத்து லைனுக்குத் திருப்பிவிட்டார்கள். வேலை வந்து குவிந்தால் அந்த லைன் ஆள் சேர்த்துக்கொண்டு பெரிதாகும். அடுத்த மாதம் ஸ்கேன். இடது பக்கம் போதுமான அளவு வளர்ந்து, நானும் கத்தியைத் தாங்குகிற உடம்போடு இருந்தால் ஆபரேஷன். இல்லாவிட்டால் இல்லை. அந்த 'இல்லாவிட்டால்'-க்கு அப்புறம் டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி காரியத்துக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய தூக்கு வந்தது. உப்பில்லாத கஞ்சி, அரைத்த கீழாநெல்லி உருண்டை. ஆஸ்பத்திரியில் முட்டை தின்னு, பருப்பு தின்னு, பசிக்காவிட்டாலும் தின்னு, உடம்பில் சதை கரையக்கூடாது என்கிறார்கள். கேட்காமல் பச்சிலை எதையும் தொடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உருண்டையை மண்ணில் புதைத்தேன். கஞ்சியைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஊற்றினேன். அதுவும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கடைசியாக ஒன்று. "பொம்பளைக்கு ஈரல்ல கட்டின்னா, இன்னாத்தக் குடிச்சாளோ" என்று நீங்கள் உங்கள் ஊரில் சொன்னது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. நான் கோலி சோடாகூடக் குடிக்கிறவள் இல்லை, ஏப்பம் வரும் என்று. எனக்கு இருப்பது சின்ன வயதிலேயே ரத்தத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட காமாலைக் கிருமி. இனி உங்கள் குரலே என் காதில் விழக்கூடாது என்று போனில் சொன்னேன் அல்லவா, அதில் மாற்றம் இல்லை. கடிதத்துக்குக் குரல் கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
முத்துமாரி


குடியாத்தம்
16 மார்ச் 2025

மரியாதைக்குரிய சம்பந்திக்கு கண்ணம்மாள் எழுதுவது.

தூக்கு வந்தது. மூடி வரவில்லை.

ஆடுகூடச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் உங்கள் புத்திதான் வந்திருக்கிறது. நம் பேத்தி பாப்பாவின் காது குத்து அன்றைக்குப் பந்தியில் முதல் இலை உங்களுக்குப் போட்டேன். நானே நின்று பரிமாறினேன். ஒரு வாய் பிசைந்தீர்கள், இலையை மூடினீர்கள், எழுந்துவிட்டீர்கள். பையனைப் பெற்ற சம்பந்தி அப்படி எழுந்தால் பெண்ணைப் பெற்றவள் முகம் என்ன ஆகும்? என் ஓரகத்தி மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசினாள், "சாம்பார்ல இன்னாமோ வுழுந்திருக்கு, அதான் சம்பந்தியம்மா எந்திரிச்சிட்டாங்க"ன்னு. அந்தத் தெரு முழுக்க எனக்குப் பல்லி விழுந்த சாம்பார்க்காரி என்று பேர்.

குடித்தாளோ என்று நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் உங்களை வைத்துச் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் ஈரல் என்றால் காமாலை. காமாலை என்றால் கீழாநெல்லி. உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, படுத்த இடத்தைவிட்டு எழக்கூடாது. என் தம்பிக்கு அப்படித்தான் குணமாயிற்று. கட்டி வேறு காமாலை வேறு என்று தமிழினி எனக்குப் பாடம் எடுக்கிறாள். ஈரலில் கட்டி வைத்திருக்கிறவரை முட்டை தின்னு, மாடிப்படி ஏறு என்று சொல்கிற ஆஸ்பத்திரியை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இருந்தாலும் அவர்கள் படித்தவர்கள். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டு வந்து என்னிடம் ஒப்பிக்க வேண்டும் என்று தமிழினிக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் காலாட்டிய கதையைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் சம்பந்தி, என் வீட்டுக்காரர், சிரித்தார். தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இந்த வீட்டில் கரண்ட் போகாமல் தறி நின்றது அன்றைக்குத்தான்.

மூடியைத் தேடி அனுப்பவும்.

கண்ணம்மாள்


மாதனூர்
30 மார்ச் 2025

சம்பந்திக்கு,

மூடி கிடைத்தது. பாப்பா அதில் மண் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். இத்துடன் வருகிறது.

போன வாரம் தமிழினி வேலூருக்குப் போய் வந்தவள், செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள். "அத்தே, டாக்டரம்மா ஒண்ணு சொல்லிட்டாங்க. நடந்தாதான் அந்த இடது பக்கம் வளருமாம். நடக்க நடக்க வளருமாம். உக்காந்திருந்தா அப்படியே நின்னுடுமாம்." முன்பெல்லாம் நடங்கள் நடங்கள் என்றுதான் சொன்னார்கள், எதற்கு என்று சொன்னார்களோ, எனக்குத்தான் காதில் ஏறவில்லையோ. இது ஏறியது. மீட்டரை ஏமாற்றலாம், ஜோசுவா தம்பியைக்கூட இன்னொரு தடவை ஏமாற்றலாம், ஆனால் வயிற்றுக்குள்ளே உட்கார்ந்திருக்கிற ஒன்றைக் காலாட்டி எப்படி ஏமாற்றுவது? மறுநாள் விடிந்ததும் செருப்பை மாட்டினேன்.

எங்கே நடப்பது என்பதுதான் பேஜார். ஹைவேயில் நடந்தால் ஈரல் வளர்வதற்குள் லாரி வந்துவிடும். வயல் பக்கம் நாய். கடைசியில் கம்பெனி பஸ் நிற்கிற ஸ்டாப்பிலிருந்து உள்ரோட்டில் அடுத்த ஸ்டாப்வரை என்று முடிவு செய்தேன். அதுதான் தப்பு. என் லைன் பெண்கள் எல்லோரும் அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். முதல் நாள் சங்கீதா என்னைப் பார்த்துவிட்டாள். கழிவறைக்குப் போய் வர இவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பற்றி நான் ஒரு காலத்தில் பேசாத பேச்சில்லை.

"இன்னா மேடம், பஸ்ஸ விட்டுட்டீங்களா?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்கடி."

"நடக்கறீங்களா? நிக்கறாப்பல இருக்குதே!"

பஸ் என்னைத் தாண்டிப் போகும்போது ஜன்னலெல்லாம் தலை. "டார்கெட் மேடம், டார்கெட்!" "லைன் நிக்குது மேடம், கைய வீசுங்க!" "பேசிக்கினே வேல செய்யாதீங்க!" எல்லாம் என் வசனங்கள். ஒரு எழுத்து மாறாமல் திருப்பித் தந்தார்கள். டிரைவர் வேண்டுமென்றே வண்டியை மெதுவாக விட்டார், எல்லோரும் ஆசை தீரத் திட்டட்டும் என்று. இப்போது அது தினசரி வழக்கமாகிவிட்டது. ஒருநாள் மழைத் தூறலில் போகாமல் இருந்துவிட்டேன். சாயங்காலம் திரும்புகிற பஸ்ஸை என் வீட்டு முனையில் நிறுத்தி சங்கீதா இறங்கி வந்து, "லீவு லெட்டர் எங்க மேடம்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் பதில் சொல்லும்வரை போகவில்லை.

மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்திருக்கிறார்கள். குழாயை வாயில் வைத்தால் பந்து மேலே ஏற வேண்டும். நான் நாள் முழுக்க ஊதினேன். கன்னம் வலித்ததே தவிரப் பந்து அசையவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சை உள்ளே இழுத்துப் பழகினால் ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டாதாம். இப்போது இரண்டு பந்து ஏறுகிறது. மூன்றாவது பந்து உங்களை மாதிரி, லேசில் மசியாது.

அந்த இலை விஷயம். சம்பந்தி, உங்கள் சாம்பாரில் ஒன்றும் விழவில்லை. அப்போதே எனக்குப் பல நாளாகச் சோற்றைக் கண்டாலே குமட்டல். வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இன்னொரு வாய் வைத்திருந்தால் பந்தியிலேயே வாந்தி எடுத்திருப்பேன். அதற்கு இலையை மூடுவது மரியாதை என்று தோன்றியது. அதை அங்கேயே உங்கள் காதில் சொல்லியிருக்கலாம். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதைவிட ஒருவரோடு சண்டை போடுவது எப்போதுமே எளிதாக வந்துவிடுகிறது.

முத்துமாரி


குடியாத்தம்
6 ஏப்ரல் 2025

சம்பந்திக்கு,

கடிதத்தை ஓரகத்தி வீட்டு வாசலில் நின்று, சாம்பார் வந்த இடத்தை மட்டும் சத்தமாகப் படித்தேன். மற்றதை மனசுக்குள் படித்துக்கொண்டேன்.

நான் அப்படிச் சொன்னேன். குடித்தாளோ என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்றால், ஈரல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இந்த வீட்டு மனுஷன் ஞாபகம்தான். உங்கள் சம்பந்தி கோதண்டபாணி சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். கல்யாணமான வருஷத்திலிருந்து இதுதான். ஒருநாள் ஈரல் போய்ச் சேரும் என்று நான் சொல்லாத நாளில்லை. இன்றுவரை அவருக்கு ஒரு தலைவலி வந்ததில்லை. பச்சைத் தண்ணியைத் தவிர எதையும் தொடாத உங்களுக்கு வந்திருக்கிறது. இது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் உங்கள்மேல் காட்டிவிட்டேன். உங்கள் கடிதத்தை அவரிடமும் கொடுத்தேன். படித்துவிட்டு அன்றைக்கு மட்டும் கடைக்குப் போகவில்லை. மறுநாள் போனார்.

தமிழினி எல்லாவற்றையும் வந்து சொல்கிறாள். நான் கேட்டு, அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி அனுப்புகிறேன். நீங்கள் நடையைக் குறைக்கக்கூடாது. வெயில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும். ஒருநாள் விட்டால் அன்றைய வளர்ச்சி போச்சு. அது திரும்பி வராது. இதில் விளையாட்டு வேண்டாம்.

இத்துடன் முட்டை, வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை உருண்டை. உப்பு போட்ட கொள்ளு சுண்டலும் இருக்கிறது. தமிழினியிடம் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன், புதைக்க வேண்டாம். படுக்கப்போகும் முன் ஏதாவது சாப்பிட வேண்டுமாம், வெறும் வயிற்றோடு தூங்கக்கூடாதாம். அதற்குத்தான் உருண்டை. படுத்த நோயாளியை எழுப்பித் தின்னவைக்கிற வைத்தியத்தை நான் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் செய்து அனுப்புகிறேன்.

கெங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் பலிக்காது.

கண்ணம்மாள்


மாதனூர்
13 ஏப்ரல் 2025

சம்பந்திக்கு,

நாளை வருஷப் பிறப்பு. மறுநாள் ஸ்கேன்.

இந்தக் கடிதத்தில் சிரிப்பு கம்மியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருண்டையெல்லாம் தீர்ந்துவிட்டது. பந்து மூன்றும் ஏறிவிட்டது. கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்து காட்டினேன், ஜோசுவா தம்பி இந்தத் தடவை நான்கடி தள்ளி நின்றுகொண்டுதான் பார்த்தான். புது சட்டையாம். ஆகவே வெளியிலிருந்து பார்த்தால் நான் தயார். உள்ளே என்ன நடக்கிறது என்றுதான் தெரியவில்லை. காலையில் நடக்கும்போது வயிற்றின் இடது பக்கம் கையை வைத்துப் பார்க்கிறேன், பாப்பா வயிற்றில் இருந்தபோது தமிழினி வைத்துப் பார்த்த மாதிரி. ஒன்றும் தெரிவதில்லை. அந்த வயிற்றில் ஏதோ வளர்கிறது என்று நம்பினோம், வளர்ந்தது. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அது வளராவிட்டால் அழலாம். இது வளராவிட்டால் யார் அழுவது, நான் இருக்கமாட்டேனே.

வளரவில்லை என்று சொல்லிவிட்டால் என் மகன் மதியழகன் உடைந்துபோவான். அவன் அப்பா போனபோது அவனுக்கு விவரம் தெரியாத வயது. தாயும் தகப்பனுமாக நான் ஒருத்தியே நின்றதால் என்னை ஏதோ சுவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் இதையெல்லாம் பேச எனக்கு வாய் வராது. தமிழினியிடம் பேசினால் உங்களிடம் வந்து அழுவாள். அதனால் நேராகவே உங்களுக்கு எழுதுகிறேன். அப்படி ஒன்று ஆனால், நீங்கள் இந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருக்க வேண்டும். குடியாத்தம் பஸ் இங்கேதானே நிற்கிறது. நானே போய்விட்டால் உங்கள் குரல் என் காதில் விழுமா விழாதா என்ற பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

வளர்ந்திருந்தால் அடுத்த வாரமே ஆபரேஷன். வார்டில் கூட இருக்க ஒரு பெண் துணை வேண்டுமாம். தமிழினி பாப்பாவை விட்டுவிட்டு ராத்திரி தங்க முடியாது. எனக்கு அக்கா தங்கை கிடையாது. லைன் பெண்களுக்கு லீவு கிடைக்காது, கிடைக்காதபடி விதி போட்டவளே நான்தான். யாரையாவது சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மதி சொல்கிறான். தகவலுக்காக எழுதினேன், அவ்வளவுதான். உங்களுக்குத் தறி வேலை இருக்கும். அடுத்த மாதம் உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவும் வருகிறது.

முத்துமாரி


குடியாத்தம்
17 ஏப்ரல் 2025

சம்பந்திக்கு,

போதுமான அளவு வளர்ந்துவிட்டது, ஆபரேஷன் உண்டு என்று தமிழினி போன் போட்டாள். ஓரகத்தி வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதுவிட்டேன் போலிருக்கிறது. அவள் சாவு விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தாள். காபி கொடுத்து அனுப்பினேன்.

தறி ஓட்ட ஆள் வைத்தாயிற்று. வர்றேன். தலையணை என்னுடையதைத்தான் எடுத்துவருவேன். என் குரல் காதில் விழக்கூடாது என்றீர்கள். விழாது. வந்து உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன்.

கண்ணம்மாள்


மாதனூர்
15 ஜூன் 2025

சம்பந்திக்கு,

நீங்கள் ஊருக்குப் போன பிறகு வீட்டில் ஒரே அமைதி. பாப்பா அதைக் கேட்டுப் பயந்து அழுகிறாள். இப்போது போனில் பேச நமக்குத் தடையில்லைதான். ஆனால் போனில் நன்றி சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவீர்கள். கடிதத்தை நீங்கள் முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் உங்களைப் பற்றி இங்கே பரவியிருக்கிற கதையைச் சொல்கிறேன். நான்தான் பரப்பினேன். நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வார்டில் வாய் திறக்கவே இல்லை. எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று நீங்கள் நர்ஸிடம் கேட்க, நர்ஸ் என்னிடம் கேட்டாள். நான் வேண்டாம் என்றதை அவள் உங்களிடம் திரும்பச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரு கைத்தூரத்தில் இருந்தோம். எதிர்க் கட்டில் அம்மாள் நம்மை இரண்டு பாஷைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்து, ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்த காலை. ஜோசுவா தம்பி வந்து எழுந்து நடக்க வேண்டும் என்றான். வயிற்றில் தையல், மூக்கில் குழாய், பக்கத்தில் பை. நான் முடியாது என்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவன் கெஞ்சினான். நர்ஸ் கெஞ்சினாள். உண்மையைச் சொல்கிறேன் சம்பந்தி, அந்த நிமிஷம் எனக்கு நிஜமாகவே போதும் என்று இருந்தது. வளர்ந்தாயிற்று, வெட்டியாயிற்று, என் வேலை முடிந்தது, இனி யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று.

அப்போதுதான் நீங்கள் எழுந்து நின்றீர்கள். எட்டுத் தறிக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "ஏ முத்துமாரி, எந்திரி!"

நான் எழுந்துவிட்டேன். எதிர்க் கட்டில் அம்மாளும் எழுந்து உட்கார்ந்தார். வெளியே வராந்தாவில் படுத்திருந்த யாரோ ஒரு மனுஷன் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியே போய்விட்டாராம். உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டுக் கதவுவரை நடந்தேன். நீங்கள் அன்றைக்கு 'நீங்கள்' போட மறந்ததை நான் மன்னித்துவிட்டேன்.

இனி நன்றி. எங்கள் கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தை அச்சுமேல் இழுத்துப் பொருத்தும் முன் தோலைச் சற்று நேரம் நீராவியில் காட்டுவார்கள். காட்டாமல் இழுத்தால் தையல் பிய்யும். புதிதாக வந்த பெண்களுக்கு அது வீண் வேலை என்று தோன்றும். எனக்கும் இந்த நடை, முட்டை, பந்து எல்லாம் அப்படித்தான் தோன்றியது. வெட்டுவது டாக்டரம்மாவின் வேலை, என் வேலை மேஜையில் போய்ப் படுப்பது மட்டும் என்று நினைத்திருந்தேன். இழுத்தபோது தையல் பிய்யாமல் இருந்தது நீங்கள் எல்லோரும் என்னை இளக்கி வைத்ததால். முக்கியமாக நீங்கள். சிரசுத் திருவிழாவை முதல் தடவையாக விட்டுவிட்டு இங்கே எனக்குப் பருப்பு கடைந்துகொண்டிருந்தீர்கள். அம்மன் தலை ஊர்வலத்தைத் தமிழினியின் போனில் பார்த்தபடி கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் பங்கு தரமாட்டேன். அந்த இடது ஈரலை வளர்த்தது நான். உங்கள் அம்மன் இல்லை, உங்கள் உருண்டையும் இல்லை. வெயிலிலும் தூறலிலும், அத்தனை பெண்களின் கேலிக்கும் நடுவே, அடி அடியாக நடந்து வளர்த்தேன். ஒரு பிள்ளையை வளர்த்தேன், ஒரு லைனை வளர்த்தேன், கடைசியில் என் ஈரலையும் நானே வளர்த்துக்கொண்டேன். போன வாரம் கம்பெனி பஸ்ஸில் ஏறி இதை ஒரு சொற்பொழிவாகவே சொல்லிவிட்டு இறங்கினேன். சங்கீதா கை தட்டினாள். அவளுடைய அத்தைக்கு சர்க்கரையாம், அவரையும் நடக்கவைக்கப் போகிறாளாம். இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், தினமும் அந்தக் கிருமி மாத்திரை. கட்டி திரும்ப வரவே வராது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. வந்தால் என்ன, எனக்கு வளர்க்கத் தெரியும்.

அன்புடன்,
முத்துமாரி


குடியாத்தம்
22 ஜூன் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதத்தை உங்கள் சம்பந்தி வாசித்தார், நான் நூல் சுற்றிக்கொண்டே கேட்டேன். 'ஏ முத்துமாரி' வந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் மேலே படித்தார்.

வராந்தாவில் ஒரு மனுஷன் ஓடிப்போனதாக எழுதியிருப்பது பொய். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார், என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

தினமும் மாத்திரை போடுகிறீர்களா என்று தமிழினி பார்த்துச் சொல்கிறாள். நடையை நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பிக்கவும். சங்கீதாவிடம் நான் கேட்டதாகச் சொல்லவும், அவள் அத்தையை முதல் நாளே ரொம்ப தூரம் நடக்கவைக்க வேண்டாம்.

நீங்கள் பஸ்ஸில் ஏறிச் சொற்பொழிவு செய்திருக்காவிட்டால் இதை எழுதியிருக்கமாட்டேன். இனி ஊர் ஊராகப் போய்ச் சொல்வீர்கள் என்று பயமாக இருக்கிறது. அன்றைக்கு வேலூரிலிருந்தே தமிழினி எனக்குப் போன் போட்டாள்; டாக்டரம்மா அவளிடம் சொன்னது, நடந்தால் காலுக்குப் பலம், மூச்சுக்குப் பலம், ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் எழுந்துகொள்ளலாம் என்பது மட்டும்தான். ஈரல் வளர்வது அந்தக் குழாயை அடைத்ததால். நடந்தால் ஈரல் வளரும் என்று உங்களிடம் சொல்லச் சொன்னது நான்.

கண்ணம்மாள்